பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: சுடுவதா, காப்பதா?

லெம்பா பெர்த்தாமில் காலை நேரத்தில் சாலையோரம் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு ஒரு பழைய லேண்ட் ரோவர் முனகியபடி மேட்டில் ஏறும். ஓட்டுபவரைவிட வண்டிக்கு வயது அதிகமாக இருக்கும். வேறு நாட்டில் அதே வண்டி ஒரு சேகரிப்பாளரின் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும். கேமரன் மலையிலோ அது தினமும் வேலை செய்கிறது. பிரேக் தேய்ந்தால் மாற்றுகிறார்கள். கியர்பெட்டி போனால் படுத்துவிட்ட இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டுகிறார்கள். எதுவும் சரிவரவில்லை என்றால் வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான்.

பழைய பொருளைப் பயன்படுத்துவதா, பாதுகாப்பதா என்று கேட்டால், பயன்படுத்தலாம் என்பதே லேண்ட் ரோவர் சொல்லும் பதில். அதே கேள்வியை, இந்த மலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் புழங்கிய இன்னொரு பொருளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். துரை பங்களாவில் இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைத்தான் சொல்கிறேன்.

1929-இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கியதிலிருந்து கேமரன் மலையில் தேயிலை பரவியது. காடு ஒட்டிய தோட்டங்களில் காட்டுப்பன்றியை விரட்டத் துரைமார்கள் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, 1960 ஜூலை 31-இல் அது முடியும்வரை, ஆயுதம் இல்லாமல் வெளியே போகாத நிர்வாகிகள் பலர். அன்றைய வேட்டைத் துப்பாக்கிகளில் பல இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்டவை. குழலில் பொறித்த பெயர் மட்டும் வேறு ஊராக இருக்கலாம். சென்னை அண்ணா சாலையில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையின் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் ஏலங்களில் வருகின்றன.

நூறு ஆண்டு தாண்டிய அத்தகைய துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிறைய. இந்தியாவிலும் சிலர் உண்டு. அவர்கள் இரண்டு கட்சி. 'சுடுவதற்காகச் செய்த பொருள், சுட்டால்தான் அதற்கு உயிர்' என்பது ஒரு கட்சி. 'இனி ஒரு தோட்டாகூட வேண்டாம், அப்படியே காப்போம்' என்பது இன்னொன்று. இந்தச் சண்டையை ரசனைச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்குமேல் இயற்பியல், மீதி வேதியியல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம், தண்டனையும் கடுமை. பழைய வீட்டுப் பரணிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ எப்போதாவது ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் போலீஸை அழைக்கட்டும். துருப்பிடித்துக் கிடப்பதால் வேலை செய்யாது என்பது வெறும் நம்பிக்கை. உள்ளே ஒரு தோட்டா இன்னும் இருக்கலாம்.

பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

இந்தத் துப்பாக்கிகளை '12 போர்', '20 போர்' என்பார்கள். போர் என்பது குழலின் உள்விட்டம். ஆனால் 12 என்பது மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர்.

கால்குலேட்டரை எடுங்கள். ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டால் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆக உருண்டையின் கன அளவு 3.33 கன சென்டிமீட்டர். கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தில் இதைப் போட்டால் ஆரம் 0.927 சென்டிமீட்டர், விட்டம் 18.5 மில்லிமீட்டர். 12 போர் துப்பாக்கியின் உள்விட்டம் அதுவேதான். இருபது உருண்டை செய்தால் ஒவ்வொன்றும் சிறியது. அதனால்தான் எண் கூடினால் குழல் குறுகும். 20 போரையும் கணக்கிட்டுப் பாருங்கள், 15.6 வர வேண்டும்.

சோசேஜ் ஏன் நீளவாக்கில் வெடிக்கிறது?

தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் வாயு அழுத்தம் சட்டென்று ஏறி, ஒரு விநாடியில் சில ஆயிரத்தில் பங்கு நேரத்துக்குள் இறங்கிவிடும். சர்வதேச விதிகளைப் பின்பற்றும் நாடுகளில் இன்றைய சாதாரண 12 போர் தோட்டாவுக்கு உச்ச அழுத்த வரம்பு 740 பார். உயர்திறன் தோட்டாவுக்கு 1,050 பார். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். அதாவது குழல் தாங்குவது டயரைப்போல் முந்நூறு மடங்குக்கும் அதிகம். அதுவும் இடக்கை பிடித்திருக்கும் இடத்துக்கும் கண்ணுக்கும் மிக அருகில்.

இந்த அழுத்தம் குழலை எந்தப் பக்கம் கிழிக்கப் பார்க்கும்? வீட்டில் சோசேஜ் வேகவைக்கும்போது கவனியுங்கள். அது பெரும்பாலும் நீளவாக்கில்தான் பிளக்கும், குறுக்கே துண்டாகாது. உருளை வடிவப் பாத்திரத்தில் உள்ளிருந்து அழுத்தம் கொடுத்தால், சுற்றளவை விரிக்கும் இழுவிசை நீளவாக்கிலான இழுவிசையைவிட இரண்டு மடங்கு. சுவர் தடிமன் பாதியானால் அந்த இழுவிசைத் தகைவு இரட்டிப்பாகும்.

பழைய கொல்லர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது, ஆனால் அனுபவம் தெரியும். இரும்புப் பட்டையை நீளவாக்கில் சுருட்டி ஓரங்களைப் பற்றவைத்தால், பலவீனமான பற்று குழலின் நீளத்துக்கே ஓடுகிறது. வெடிக்கும் இடமும் அதுதான். அதனால் பட்டையைக் கம்பியைச் சுற்றுவதுபோல் ஓர் உருளைமேல் சுற்றி, சுற்றுக்குச் சுற்று சூடாக்கி அடித்துப் பற்றவைத்தார்கள். இப்போது இரும்பின் நார் குழலைச் சுற்றி ஓடும், இழுவிசை வரும் திசையிலேயே. இன்னும் ஒரு படி மேலே போய், இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, சடை பின்னுவதுபோல் முறுக்கி, அந்த முறுக்கையே பட்டையாக அடித்துச் சுற்றினார்கள். அமிலம் தடவினால் அழகான சுருள் கோலங்கள் மேலே வரும். பெல்ஜியத்தின் லியேஜ் பகுதி இந்தக் குழல்களுக்குப் பெயர்போனது. இவற்றுக்கு டமாஸ்கஸ் குழல் என்று பெயர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். டமாஸ்கஸ் என்றதும் நம்மவர்கள் பெருமையோடு தமிழகத்து எஃகை நினைப்பார்கள். கொடுமணல் போன்ற இடங்களில் மூசையில் உருக்கி எஃகு செய்ததற்குச் சான்று உண்டு. ஊட்ஸ் எனப்பட்ட அந்த இந்திய எஃகை மைக்கேல் ஃபாரடேகூட 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் அந்த வகை எஃகால் ஆனவை. அவற்றின் கோலம் எஃகுக்குள்ளேயே கார்பன் சேர்மங்கள் வரிசைப்பட்டதால் வருவது. துப்பாக்கிக் குழலின் கோலம் இரண்டு உலோகங்களை முறுக்கியதால் வருவது. தோற்றம் ஒத்திருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது, உறவு கிடையாது.

டமாஸ்கஸ் குழல் பலவீனமானதா? புதிதாக இருந்தபோது இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்காமில் பலவகைக் குழல்களை ஒப்பிட்டுச் சோதித்தபோது, நன்றாகச் செய்த பற்றவைப்புக் குழல்கள் எஃகுக் குழல்களுக்குச் சளைக்கவில்லை. பிரச்சினை வயது. ஒரு குழலில் நூற்றுக்கணக்கான பற்றுகள். எங்காவது ஒன்றில் கசடு சிக்கியிருக்கும். அதன் வழியே ஈரம் புகுந்தால் துரு உள்ளேயே வளரும். துரு தான் உண்டான இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவே பற்றை மெதுவாகப் பிரிக்கும். வெளியே கோலம் மட்டும் அப்படியே மின்னிக்கொண்டிருக்கும்.

உள்ளே போகிறதே, அப்புறம் என்ன?

பழைய துப்பாக்கியால் நேரும் விபத்துகளில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது இது. பழைய 12 போர் துப்பாக்கிகளில் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டா குட்டை அறைக்குள் போகாது என்று நினைப்பீர்கள். போய்விடும்! தோட்டாவின் நீளத்தைச் சுட்ட பிறகு அளக்கிறார்கள். சுடுமுன் அதன் வாய் பூப்போல மடிந்திருப்பதால் குட்டையாக இருக்கும். சுட்டதும் மடிப்பு விரியும். விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னால் குழல் குறுகும் பகுதிக்குள் அது புகுந்து, ரவைகள் போகும் வழியைப் பிடித்து நெரிக்கும். வெளியேற வழி குறைந்த வாயுவின் அழுத்தம் ஏறும். முதல் தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். பத்தாவது தடவையும் ஆகாமல் போகலாம். 'போன வருடம் சுட்டேனே' என்ற வாக்கியத்தை அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

வெடிமருந்தும் மாறிவிட்டது. பழையவை கந்தகம் கலந்த கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. அடர்ந்த வெண்புகை கக்கும் அந்த மருந்துக்குப் பதிலாக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையில்லா மருந்து வந்தது. இரண்டும் எரியும் விதம் வேறு, குழலின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் தங்கும் என்பதும் வேறு. குழலின் சுவரோ வாயை நோக்கிப் போகப் போக மெலிந்துகொண்டே போகும்.

சரி, எந்தத் துப்பாக்கி எதைத் தாங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? குழலே சொல்லும். இங்கிலாந்தில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் சோதனைச் சாலையில் தேற வேண்டும். லண்டனின் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-இலேயே அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அங்கே வழக்கத்தைவிட வலுவான மருந்து போட்டுத் தூரத்திலிருந்து சுடுவார்கள். வெடிக்காமல், உப்பாமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். கரிமருந்துக்கு ஒரு முத்திரை, புகையில்லா மருந்துக்கு வேறு முத்திரை. உள்விட்டமும் பொறிக்கப்படும்.

அந்த முத்திரை நிரந்தரமானதில்லை. சொரசொரப்பைப் போக்க யாராவது குழலின் உட்புறத்தைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் விட்டம் கூடியிருக்கும், சுவர் மெலிந்திருக்கும். பிரிட்டனின் பழைய விதியில் பொறித்த அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர் கூடினாலே சோதனை செல்லாது. குழலின் மெலிந்த இடத்தில் சுவர் அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அங்கே பலரும் வைத்திருக்கும் எல்லை. அரை மில்லிமீட்டர் என்றால் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் ஐந்து தாள்களின் தடிமன்.

பள்ளத்தாக்கின் பனி

காப்பதென்று முடிவெடுத்தால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். லெம்பா பெர்த்தாம் போன்ற இடம் இரும்புக்குப் பகை. கொதிக்கும் தேநீருக்கு மேலே குளிர்ந்த கரண்டியைப் பிடியுங்கள். முத்து முத்தாக நீர் படியும். மலையில் இரவெல்லாம் குளிர்ந்த இரும்பின் மீது காலையில் ஜன்னல் வழியே ஈரக்காற்று நுழையும்போதும் அதுதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

குழலுக்குள் ஏற்கெனவே உப்பும் இருந்தால் இன்னும் மோசம். பழைய தோட்டாக்களின் தீப்பொறி மூடியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் படியும். சாப்பாட்டு உப்பின் உறவுக்காரன். காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பில் குழி தோண்டும். இதை எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரைவதில்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் சுட்டு முடித்ததும் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் தடவினார்கள்.

தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பது மரியாதையாகத் தோன்றும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பதனிட்ட ரசாயனங்களும் அதில் இருக்கும். பல ஆண்டு கழித்துத் திறந்தால் தோல் தொட்ட இடமெல்லாம் துரு. எண்ணெய் தாராளமாகப் பூசி நிமிர்த்தி வைத்தால் அது வழிந்து வால்நட் மரக்கட்டையில் ஊறி மரத்தை மென்மையாக்கும். எனவே சேகரிப்பாளர்கள் குழலின் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துகிறார்கள். அருங்காட்சியகங்களில் ஈரப்பதத்தை ஏற்ற இறக்கமின்றி வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். மரம் ஈரத்தை வாங்கி விட்டு, விரிந்து சுருங்கி வெடிக்கும்.

புதுசுபோல் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்ற ஆசையும் ஆபத்து. மங்கிய பழுப்பைத் தேய்த்தெடுத்தால் அதோடு பொறிப்பு வேலையின் கூர்மையும், யார் எப்போது செப்பனிட்டார்கள் என்ற தடயமும் போகும். அருங்காட்சியகப் பாதுகாவலர்களின் விதி, பின்னால் திரும்ப நீக்க முடியாத எதையும் செய்யாதே என்பது. அதனால் அவர்கள் வேலை பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலை. துடைப்பது, அளப்பது, படமெடுப்பது, மெழுகு பூசுவது.

யார் பக்கம் நியாயம்?

சுடுபவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இத்தாலியின் ஜெனோவா நகரிடம் 1743-இல் செய்த ஒரு வயலின் இருக்கிறது. பகனினி வாசித்தது, அதன் பலத்த ஒலிக்காக அவரே 'பீரங்கி' என்று பெயர் வைத்தார். அதை நகராட்சி கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தாலும், தேர்ந்தெடுத்த கலைஞர்கள் அவ்வப்போது வாசிக்க விடுகிறது. துப்பாக்கியும் அப்படித்தான் என்கிறார்கள் சுடும் கட்சியினர். அதன் சமநிலை, விசையின் மென்மை, தோளில் பொருந்தும் விதம் எதுவும் சுவரில் தொங்கினால் தெரியாது. பயன்படுத்துகிறவர்தான் ஆண்டுக்கு ஒருமுறையாவது கைவினைஞரிடம் காட்டுவார். அந்தக் கைத்தொழிலும் பிழைக்கும். 65 மில்லிமீட்டர் அறைக்கான தோட்டாக்களை இன்றும் பிரிட்டனில் செய்கிறார்கள்.

ஆனால் வயலின் அறுந்தால் தந்திதான் அறும். இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ஈயம் நஞ்சு. நீர்நிலைகளில் சிதறிய ஈய ரவையைக் கல் என்று விழுங்கிப் பறவைகள் சாவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஈரநிலங்களில் ஈய ரவையைத் தடைசெய்தது. பதிலாக வந்த எஃகு ரவை கடினமானது. மென்மையான பழைய குழலுக்கு அது ஏற்றதல்ல.

என்னைக் கேட்டால், ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வந்த, புகையில்லா மருந்து முத்திரையும் சுவர் தடிமனும் சரியாக இருக்கிற சாதாரண எஃகுக் குழல் துப்பாக்கியை, சட்டம் அனுமதிக்கும் நாட்டில், பொருத்தமான தோட்டாவோடு சுடுவதில் தவறில்லை. அது நம் லேண்ட் ரோவர் மாதிரி. அபூர்வமானது என்றால் நான் காப்பவர் பக்கம். ஒரே ஒரு துப்பாக்கி மிஞ்சியிருக்கும்போது அதன் உடைந்த வில்லைக்கூட மாற்றக் கூடாது. புதிய வில் போட்டால் பழைய கொல்லன் எப்படி வில் அடித்தான் என்பதற்கான சாட்சி போய்விடும்.

நடுவில் மாட்டிக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. அழகான டமாஸ்கஸ் குழல், அபூர்வமான பெயர், கரிமருந்து முத்திரை மட்டும். அல்ட்ராசோனிக் கருவியால் சுவரை அளக்கலாம், எக்ஸ்ரேயும் எடுக்கலாம். அவை பல குறைகளைக் காட்டும், ஆனால் ஒவ்வொரு பற்றும் தாங்கும் என்று உறுதி தராது. அதற்கு இருப்பது மறுசோதனை ஒன்றுதான். சோதனைச் சாலைக்கு அனுப்பி, அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்ப்பது. தேறினால் புதிய முத்திரையோடு திரும்பி வரும். தேறாவிட்டால் நூறு ஆண்டு நின்ற குழல் உப்பியோ பிளந்தோ வரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பலர் அனுப்புவதில்லை. அளந்து, படமெடுத்து, குறித்துவைத்துவிட்டு அலமாரியைப் பூட்டிவிடுகிறார்கள்.

கோலாலம்பூரில் போலீஸ் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனால் அவசரகாலத் துப்பாக்கிகளை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். இரட்டைக்குழல் ஒன்று கண்ணில் பட்டால், எந்த மருந்துக்கு, எந்த அளவுக்குச் சோதித்தார்கள் என்ற முத்திரைகளைத் தேடாதீர்கள். அவை குழல்களின் அடிப்புறத்தில், பின்முனையின் தட்டையான பகுதியில் இருக்கும். துப்பாக்கி மூடியிருக்கும்வரை தெரியாது. அங்குள்ள அதிகாரியிடம், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள்.